பொதுக்கூட்டமா, செராமாவா?

மலேசியாவின் மெர்சிங்கில் ஒரு தமிழர் "பொதுக்கூட்டத்துக்குப் போறேன்" என்றால் அவர் கையில் பெரும்பாலும் ஆண்டறிக்கை இருக்கும்; அதற்குள் கணக்கறிக்கை சொருகியிருக்கும். மதுரையில் ஒருவர் அதே சொல்லைச் சொன்னால் அவர் தோளில் கட்சித் துண்டு கிடக்கும். முன்னவர் மண்டபத்து வாசலில் பெயர் பதிந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருவார். பின்னவரை யாரும் பெயர் கேட்பதில்லை. தெருவை அடைத்துப் போட்ட நாற்காலியில் இடம் கிடைத்தால் உட்காருவார், இல்லாவிட்டால் கடை ஓரமாக நின்று கேட்பார்.

இந்தச் சிக்கலைக் கையில் ஒரு தாளோடு எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தவர் ஒரு தம்பி. கட்சிக் கிளை ஒன்றில் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறார். அடுத்த மாதம் ஒரு தலைவர் பேச வருகிறார், தமிழில் நோட்டீஸ் வேண்டும். தமிழ்நாட்டு மேடைப் பேச்சுகளை யூடியூபில் விடாமல் பார்க்கிறவர் என்பதால் தலைப்பில் "மாபெரும் பொதுக்கூட்டம்" என்று எழுதியிருந்தார். "அண்ணே, எழுத்துப் பிழை மட்டும் பாருங்க" என்றார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. "உட்காருங்க தம்பி, ஒரு தே தாரேக் சொல்லுங்க" என்றேன்.

மலேசியாவில் கட்சியானாலும், பெரும்பாலான கோயில் நிர்வாகமானாலும் 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றாக வேண்டும். பதிவு பெற்றுவிட்டால் உறுப்பினர்களைக் கூட்டி அறிக்கை வாசிக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், கோரம் இருக்கிறதா என்று எண்ண வேண்டும், கூட்டக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். இப்படி நடப்பதற்கு நாம் வைத்த பெயர் ஆண்டுப் பொதுக்கூட்டம். அதையே கோயிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கூட்டுறவுக் கழகமும் திரும்பத் திரும்பச் சொல்லி, "ஆண்டு" உதிர்ந்து "பொதுக்கூட்டம்" மட்டும் நின்றுவிட்டது. இங்கே "பொது" என்றால் உறுப்பினர் அத்தனை பேரும். தமிழ்நாட்டில் "பொது" என்றால் உறுப்பினரே அல்லாத ஊரார்.

"அப்போ நம்ம ஊர்ல அந்த மாதிரிக் கூட்டமே இல்லையாண்ணே?" என்று கேட்டார். இல்லாமல் என்ன, இருந்தது. அதன் கதை கொஞ்சம் நீளம்.

முதலில் தமிழ்நாட்டுப் பக்கம். தெருவில் நின்று, தமிழில், முன்பின் தெரியாத கூட்டத்தைப் பார்த்து அரசியல் பேசுவது அங்கேயும் ஆதிகாலப் பழக்கம் அல்ல. சுதேசி இயக்கக் காலத்தில், 1907, 1908 வாக்கில்தான் அது உருக்கொண்டது. தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசப் பேச மில் தொழிலாளியும் கடைக்காரரும் வந்து நின்றார்கள். 1908 மார்ச் 12 அன்று இருவரையும் கைது செய்தபோது நெல்லைச் சீமையே கொதித்தது. அதற்கு முன்பு சபைகளில் ஆங்கிலம் படித்தவர்கள் ஆங்கிலத்தில் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கிய கூட்டம் வரைக்கும் நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டில் பொதுக்கூட்டம் தனக்கென்று ஓர் இலக்கணம் செய்துகொண்டது: மேடை, மாலை, "அவர்களே, இவர்களே" என்ற விளி, நள்ளிரவில் வரும் முக்கியப் பேச்சாளர். தெருமுனைக் கூட்டம், வாயிற்கூட்டம், கண்டனக் கூட்டம், அரங்கக் கூட்டம், திண்ணைப் பிரசாரம் என்று பிள்ளைகளும் பிறந்தன. இத்தனை பெயர் வைக்கிற அளவுக்கு ஓர் ஊர் கூட்டம் போட்டிருக்கிறது என்றால் அதை ரசிக்கத்தான் தோன்றுகிறது.

மலாயாவிலும் அந்த மேடைப் பழக்கம் வந்து சேர்ந்தது. ஆனால் சட்டம் அதை வேறு வழியில் திருப்பிவிட்டது. 1967-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம், 27-ஆம் பிரிவு: பொது இடத்தில் கூட்டம், ஊர்வலம் என்றால் மாவட்டப் போலீஸ் தலைவரிடம் பெர்மிட் வாங்க வேண்டும். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு அதிகாரிகளின் அச்சம் இன்னும் கூடிற்று. 1978 பொதுத் தேர்தலில் கம்யூனிஸ்ட் அபாயத்தைக் காரணம் காட்டி, திறந்தவெளிப் பிரசாரக் கூட்டங்களையே அரசாங்கம் தடை செய்தது. மண்டபத்துக்குள், வீட்டு முற்றத்தில், கட்சி அலுவலகத்தில் பேசலாம். அந்தப் பேச்சுக்குப் பெயர் செராமா.

செராமா என்ற மலாய்ச் சொல்லுக்கு அரசியல் வாசனை அவ்வளவாகக் கிடையாது. சமயச் சொற்பொழிவு செராமா, சுகாதார இலாகா நீரிழிவு பற்றிப் பேசினால் செராமா, எஸ்.பி.எம். மாணவர்களுக்கு ஊக்கவுரை செராமா. அகராதியைப் புரட்டினால் "வாயாடி" என்ற பழைய பொருளும் கிடைக்கும். அதைப் பேச வரும் தலைவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் தம்பி. கூட்டம் என்றால் ஆட்களை எண்ணத் தோன்றும், செராமா என்றால் பேச்சுதான் நினைவுக்கு வரும். ஆட்கள் திரள்வதற்குத் தடை இருந்த காலத்தில் பேச்சைச் சுட்டும் சொல் அடக்கமாக ஒலித்தது, வசதியாகவும் இருந்தது. அடக்கமான பெயரில் தொடங்கியது காலப்போக்கில் பெருத்து, திடல் கொள்ளாத செராமாக்களும் வந்தன. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தால் செராமா கெலொம்போக், ஊரே திரண்டால் செராமா பெர்டானா. பெயர் மட்டும் செராமாவாகவே நின்றது.

நம் பேச்சில் அதற்கு வினைச்சொல்கூட மாறிவிட்டதைக் கவனிக்கலாம். "பொதுக்கூட்டத்துக்குப் போறேன்" என்போம். செராமா என்று வந்தால் "செராமா கேட்கப் போறேன்" என்போம், கதாகாலட்சேபம் கேட்கப் போவதைப் போல.

மெர்சிங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் எண்டாவ், தெங்காரோ என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். கடற்கரை, மீனவர் கம்போங், தியோமான் படகுத்துறை ஒரு பக்கம். உள்ளே போனால் பெல்டா குடியேற்றங்கள், செம்பனை. தெங்காரோவில் பல தவணைகளாக தேசிய முன்னணியின் சார்பில் போட்டியிடுவது மலேசிய இந்தியக் காங்கிரஸ், அதாவது ம.இ.கா. 2022 மார்ச் 12 ஜொகூர் தேர்தலில் அக்கட்சி நின்ற 4 இடங்களில் வென்ற 3-இல் தெங்காரோவும் ஒன்று. மற்றவை கஹாங், கெமெலா. ஆனால் இங்கே வாக்காளரில் பெரும்பாலோர் மலாய்க்காரர். ஆகவே தமிழ் வேட்பாளர் பெல்டா மண்டபத்தில் மலாயில் செராமா பேசுகிறார், தமிழர் வீடுகளில் தமிழில் பேசுகிறார். பின்னதை நாம் பெரும்பாலும் "சந்திப்பு" என்கிறோம். ஒரே வேட்பாளர், ஒரே நாள், மொழி மாறியதும் நிகழ்ச்சியின் பெயரும் மாறிவிடுகிறது.

மழையையும் மறந்துவிடக் கூடாது. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பருவமழை, படகுகூட ஓடாத நாட்கள் உண்டு. 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தல் அந்த மழைக்காலத்தில்தான் வந்தது. திறந்தவெளியை எந்தச் சட்டம் அனுமதித்தாலும் வானம் அனுமதிக்காத பருவம் அது. கூரை உள்ள இடமே செராமாவுக்கு வாகு.

சட்டம் பிறகு மாறியது. 2012-இல் அமைதிப் பேரணிச் சட்டம் வந்து 27-ஆம் பிரிவின் பெர்மிட் முறையை நீக்கியது. பெர்மிட்டுக்குப் பதில் முன்னறிவிப்பு. தொடக்கத்தில் 10 நாள், 2019 திருத்தம் அதைக் குறைத்தது. அறிவிப்புக் கொடுக்காததையே குற்றமாக்கிய 9(5) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூலை 1 அன்று தீர்ப்பளித்தது. தேர்தல் பிரசாரக் காலக் கூட்டங்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவற்றுக்கு 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம்.

அமைதிப் பேரணிச் சட்டத்தின் தமிழ்ப் பெயரில் எனக்கு ஒரு குறை உண்டு. மலாயில் பெர்ஹிம்புனான், அதாவது ஒன்றுகூடல். நம் பத்திரிகைகள் அதைப் "பேரணி" என்றதும், படிக்கிறவர் தெருவில் கொடி பிடித்துப் போகிறவர்களுக்கான சட்டம் என்று நினைத்துக்கொள்கிறார். நான்கு சுவருக்கு வெளியே நாற்காலி போட்டு நடத்தும் செராமாவும் அதற்குள் வரக்கூடும் என்பது அந்தத் தலைப்பில் தெரிவதில்லை. நோட்டீஸ் எழுதுகிறவருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை என்னைக் கவர்ந்த பகுதி. அறிவிப்பே தேவைப்படாத கூடல்களின் பட்டியல் அது. திருமண விருந்து, பெருநாள் காலத் திறந்த இல்ல உபசரிப்பு, குடும்ப ஒன்றுகூடல், நிறுவனங்களின் குடும்ப தினம், கடைசியில் சங்கங்களின் பொதுக்கூட்டம். அதாவது நீங்கள் எழுதிய சொல்லைச் சட்டப்படி வாசித்தால், தம்பி, உங்கள் நிகழ்ச்சிக்குப் போலீசுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் உறுப்பினர் தவிர யாரும் வரவும் முடியாது. நீங்கள் செய்யப்போவதோ நேர் எதிர். "திறந்த இல்ல உபசரிப்பு" அந்தப் பட்டியலில் இருப்பதைக் கண்டு நான் சிரித்துவிட்டேன். தீபாவளிக்கு ஒரு மாதம் கழித்தும் தலைவர்கள் திறந்த இல்லம் நடத்துவதையும், சம்பலுக்கும் ரெண்டாங்குக்கும் நடுவே மைக் நீட்டப்படுவதையும் பார்த்தவர்கள் நாம்.

தம்பி இப்போது தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்போ கிளைக் கூட்டத்தைப் பொதுக்கூட்டம்னு சொல்லலாம், இதைச் சொல்லக்கூடாது, அவ்வளவுதானே? பேருக்கு இவ்வளவு முக்கியமா அண்ணே?"

பெயருக்கு இல்லை, பெயர் குறிக்கிற முறைக்கு. மலேசியாவின் மிகப் பெரிய கட்சியே ஒரு தடவை கிளைக் கூட்டங்களால் சட்டவிரோதமாகியிருக்கிறது. 1987 ஏப்ரல் 24 அம்னோ பேரவையில் தலைவர் பதவிக்கு அப்போதைய பிரதமர் மகாதீரும் தெங்கு ரசாலியும் மோதினார்கள். 761-க்கு 718, வித்தியாசம் 43 வாக்கு. தோற்ற தரப்பினர் சிலர், பதிவு பெறாத கிளைகள் கூட்டம் போட்டுப் பேராளர்களைத் தேர்ந்தெடுத்ததாக வழக்குப் போட்டார்கள். தேர்தல் செல்லாது என்று சொல்லக் கேட்டவர்களுக்கு அதைவிடப் பெரிதாகக் கிடைத்தது. 1988 பிப்ரவரி 4 அன்று நீதிபதி ஹருன் ஹாஷிம், 30 கிளைகள் பதிவு பெறாதவை, ஆகவே சங்கங்கள் சட்டப்படி கட்சியே சட்டவிரோத அமைப்பு என்று தீர்ப்பளித்தார். நாட்டை ஆண்டுகொண்டிருந்த கட்சி ஒரே நாளில் இல்லாமல் போயிற்று! அதே மாதம் மகாதீர் தரப்பு அம்னோ பாருவைப் பதிவு செய்தது.

ம.இ.கா.வுக்கும் அந்தச் சூடு பட்டதுண்டு. 2013 நவம்பரில் மலாக்காவில் நடந்த பேரவையில் உதவித் தலைவர்களுக்கும் மத்திய செயலவைக்கும் தேர்தல் நடந்தது. முறைகேடு என்று புகார்கள் போக, 2014 டிசம்பரில் சங்கப் பதிவிலாகா மறுதேர்தல் நடத்தச் சொன்னது. அந்த இழுபறி அப்போதைய தலைவர் பழனிவேலின் பதவி போகும் வரை நீண்டது. சென்னையில் அ.தி.மு.க.வுக்கும் இதே கதை. 2022 ஜூலை 11 வானகரத்தில் கூடிய பொதுக்குழு முறைப்படி கூட்டப்பட்டதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 பிப்ரவரி 23 அன்றுதான் அந்தக் கூட்டம் செல்லும் என்று முடிந்தது. அங்கே "பொதுக்குழு" என்பதுதான் இங்கே "பேரவை". அங்கே "செயற்குழு", இங்கே "செயலவை". இரு கரையிலும் வக்கீல்கள் கேட்பது ஒன்றுதான்: யார் அழைத்தது, எத்தனை நாள் முன்பு, யாருக்கெல்லாம் கடிதம் போயிற்று? செராமாவுக்கு இந்தக் கேள்வி ஒன்றும் கிடையாது. அங்கே வாக்கெடுப்பு இல்லை, தீர்மானம் இல்லை; கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மலாயில் பெர்ஹிம்புனான் என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. திங்கட்கிழமை காலை பள்ளித் திடலில் பிள்ளைகள் வரிசையாக நிற்பது பெர்ஹிம்புனான். அம்னோ ஆண்டுதோறும் கூடுவது பெர்ஹிம்புனான் அகோங். கோலாலம்பூர் வீதியில் ஆயிரக்கணக்கில் திரண்டாலும் பெர்ஹிம்புனான். இந்த விஷயத்தில் மலேசியத் தமிழ் மலாயைவிடக் கறாரானது. முதலாவது சபைக்கூடல், இரண்டாவது பேரவை, மூன்றாவது பேரணி. சபைக்கூடல் என்ற அழகான சொல் நம் தமிழ்ப்பள்ளிகளின் சொத்து. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைப் "பிரேயர்" என்றே சொல்லிப் பழகியவர்கள். பேரணி என்ற சொல்லுக்கு 2007 நவம்பர் 25-க்குப் பிறகு வேறொரு கனம் வந்துவிட்டது. ஹிண்ட்ராஃப் அமைப்பின் அழைப்பை ஏற்று மக்கள் திரண்டு, கண்ணீர்ப் புகையும் இரசாயன நீரும் வாங்கிய நாள் அது. மலேசியத் தமிழரிடம் அடைமொழி இல்லாமல் "அந்தப் பேரணி" என்றால் போதும், எது என்று யாரும் கேட்பதில்லை. மதுவிலக்குப் பேரணி, சைக்கிள் பேரணி என்று தமிழ்நாட்டில் எளிதாகப் புழங்குவதுபோல் இங்கே அதைப் புழங்க எனக்குக் கை வருவதில்லை.

"மாநாடுன்னு போட்டா?" என்றார் தம்பி. போடலாம், ஆனால் மெர்சிங் மண்டபத்துக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை. தமிழ்நாட்டில் மாநாடு என்றால் பந்தல், நுழைவு வளைவு, லட்சக்கணக்கில் ஆட்கள். தி.மு.க. தேர்தலில் நிற்பது என்று முடிவெடுத்ததே 1956 திருச்சி மாநாட்டில்தான். இங்கே மாநாடு என்றதும் 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளார் முன்னின்று கோலாலம்பூரில் நடத்திய முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நினைவுக்கு வரும். கட்டுரை வாசிப்பார்கள், பேராளர்கள் கழுத்தில் அட்டை தொங்கும். அரசியலில் பேராளர் மாநாடு என்றும் சொல்வதுண்டு. பாஸ் கட்சியினர் முக்தமார் என்கிறார்கள்; மாநாட்டைக் குறிக்கும் அரபுச் சொல் அது.

கட்சிகளின் பெயர்களே கூட்டத்தைக் குறிப்பவை என்பதையும் போகிற போக்கில் சொன்னேன். 1885 டிசம்பரில் பம்பாயில் 72 பேர் கூடிய கூட்டத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். கூட்டம் கலைந்த பிறகும் பெயர் தங்கி, கட்சியாகி, 1946-இல் மலாயாவுக்கு வந்து ஜான் திவியின் தலைமையில் மலாயா இந்தியக் காங்கிரஸும் ஆயிற்று. கழகத்துக்கு வள்ளுவர் காலத்தில் சூதாடும் இடம் என்ற பொருள் இருந்தது. சூது அதிகாரத்தைப் பார்த்தால் தெரியும். இன்று அந்தப் பொருளை யாரும் நினைப்பதில்லை, அல்லது எதிர்க்கட்சியினர் மட்டும் நினைப்பார்கள்.

தமிழில் இன்னும் இடம் பிடிக்காத ஒரு சொல் கௌகஸ். மலாயில் காவ்குஸ் என்று எழுதுகிறார்கள். 1763 பிப்ரவரியில் ஜான் ஆடம்ஸ் தன் நாட்குறிப்பில், பாஸ்டன் நகரில் ஒருவர் வீட்டுப் பரண் அறையில் சிலர் கூடிப் புகை சூழக் குடித்துக்கொண்டு, ஊர்ப் பதவிகளுக்கு யார் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்வதை எழுதினார். அதற்கு அவர் காதில் விழுந்த பெயர் கௌகஸ். செவ்விந்தியர் மொழி ஒன்றிலிருந்து வந்தது என்பவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. இன்று அமெரிக்காவில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டத்துக்கு அது பெயர். ஆஸ்திரேலியாவில் ஒரு கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடுவது. நம் நாடாளுமன்றத்திலோ ஒரு பிரச்சினைக்காகக் கட்சி பேதமின்றிச் சேரும் உறுப்பினர் குழு. சென்னைச் செய்தியாளர்கள் "சட்டமன்ற உறுப்பினர்கள் கூட்டம்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அது எந்த விடுதியில் நடந்தது என்பதுதான் அங்கே செய்தி. 2017 பிப்ரவரிக்குப் பிறகு, அ.தி.மு.க. உறுப்பினர்கள் விடுதியில் தங்கவைக்கப்பட்ட கூவத்தூர் என்ற ஊர்ப்பெயரே கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்கிறது.

தம்பியின் தே தாரேக் ஆறிப் போயிருந்தது. இன்னொன்று, சீனி குறைவாக, கூராங் மானிஸ் என்று சொல்லிவிட்டு, நோட்டீஸுக்கு வந்தோம். "சொற்பொழிவு" என்றால் கோயில் விழா என்று நினைப்பார்கள். "கலந்துரையாடல்" என்று போட்டால் வந்தவருக்கும் மைக் கொடுக்க வேண்டும். தலைவர் அதற்கு ஒப்புக்கொண்டாரா? கேட்கவில்லையாம். "மக்கள் சந்திப்பு" என்றால் அடையாளக் கார்டு பிரச்சினை, உதவித்தொகை மனு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதுவும் தப்பில்லை, ஆனால் மேசையில் எழுதிக்கொள்ள ஆள் வேண்டும். "விளக்கக் கூட்டம்" பொருத்தமாகப் பட்டது. பேசுபவர் விளக்குவார், கேட்பவர் கேட்பார், கேள்வி வந்தால் வரட்டும். பக்கத்தில் "செராமா" என்றும் போடச் சொன்னேன். அந்தச் சொல் தெரியாத தமிழர் இந்த ஊரில் இல்லை, அதைத் தமிழ் எழுத்தில் எழுதுவதால் தமிழுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"மாபெரும்?" என்று கேட்டார். மண்டபத்தில் எத்தனை நாற்காலி என்று பதிலுக்குக் கேட்டேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டார்.

பிறகு ஒரு வேலைதான் மிச்சம். போலீசுக்குக் கொடுக்கும் அறிவிப்பில் ஏற்பாட்டாளர் யார், யார் பேசுகிறார், எங்கே, எத்தனை மணிக்கு, எதற்காக, ஏறக்குறைய எத்தனை பேர் என்பதெல்லாம் எழுத வேண்டும். அதில் மலாயில் "செராமா" என்று எழுதிவிட்டு, தமிழ் நோட்டீஸில் "ஆண்டுப் பொதுக்கூட்டம்", வாட்ஸ்அப்பில் "தேநீர் விருந்து" என்று போட்டால், மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர் மூன்று நிகழ்ச்சிகள் என்று நினைப்பார், அல்லது ஏதோ மறைக்கிறார்கள் என்று நினைப்பார். நாளும் நேரமும் இடமும் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும், பெயரும் ஒன்றாக இருக்கட்டும் என்றேன். தம்பி தாளின் பின்பக்கத்தில் மலாய் வாசகத்தை எழுதத் தொடங்கினார். பேச்சாளர் பெயருக்கு முன்னால் டத்தோவா, டத்தோ ஸ்ரீயா என்று உறுதி செய்துகொள்ளத் தொகுதிச் செயலாளருக்குப் போன் போட்டார்.